கல்லில் நின்ற ஷண்முகன்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த என் தாய்மாமாவுக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். மாமா கல் பார்க்கப் போவார். திருவனந்தபுரத்தைச் சுற்றி எந்த முக்கில், எந்த வாசகசாலை வாசலில் போரில் இறந்தவர்களுக்குக் கல் நட்டிருந்தாலும், அங்கே சைக்கிளை நிறுத்திப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பிழை தேடுவார். கிடைத்துவிட்டால் கல்லின்மேல் வெள்ளைத் தாளை விரித்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். எழுத்துகள் தாளில் ஏறி வரும். பின்னால் கேரியரில் உட்கார்ந்து போன நான் தாளின் நுனி பறக்காமல் பிடித்துக்கொள்வேன்.

"உயிரைக் கொடுத்தவனுக்குப் பேரையாவது ஒழுங்கா கொடுக்கண்டாமா?" என்பார்.

அதோடு விடமாட்டார். பிழை எங்கே நுழைந்தது, கல் கொத்தியவரிடமா, எழுதிக் கொடுத்தவரிடமா, சொன்னவரிடமா என்று துப்புத் துலக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். குற்றவாளி அகப்பட்ட நாளில் மாமா ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார்.

ஊர்க் கல்லையெல்லாம் அலசி முடித்தபிறகுதான் எங்கள் முக்கில் நின்ற கல் அவர் கண்ணில் பட்டது. அதில் மூன்றாவது பெயர் ஷண்முகன். அந்த ஷண்முகன் வேறு யாருமில்லை, என் பெரியப்பா. நான் பிறப்பதற்கு முன்பே எல்லைப் போரில் போய்விட்டவர். ஆனால் அவர் பெயர் ஆறுமுகம். அண்ணன் நினைவாக அப்பா அதையே எனக்கும் வைத்திருந்தார்.

"வெட்டியாச்சு, இனி என்ன செய்ய?" என்று அப்பா விட்டுவிட்ட விஷயம். மாமா விடுவாரா? கல்லை நட்ட வாசகசாலையின் செயலாளரைப் போய்ப் பிடித்தார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மலையாளி. மாணவர்களைத் திருத்தியே பழகியவர், தன்னைத் திருத்த வந்தவரை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஞான் சொந்தமா எழுதல்ல, கேட்டோ. உங்க வீட்டுச் சேச்சி பறஞ்சதைத்தான் எழுதினேன்" என்றார்.

சேச்சி என்றால் எங்கள் பெரியம்மா, பெரியப்பாவின் மனைவி. எங்களோடுதான் இருந்தாள். மாமா வந்து கேட்டபோது அச்சிங்காய்ப் பயற்றை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்போ பேரு சொன்னேன், தம்பி? வந்தவரு கேட்டாரு. முருகனுக்கு முகம் எத்தனையோ அதுதான் பேருன்னேன். அவரு சரி சரின்னு எழுதிட்டுப் போனாரு."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். பெரியம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். அவள் வயதுப் பெண்கள் அநேகம் பேர் அப்படித்தான். பென்ஷன் ஆபீசிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்லவேண்டும். அந்தப் பெயரையே எனக்கு வைத்ததால் நானும் அவளுக்குப் பெயரில்லாதவனானேன். "ஏலே", "பயலே", ரொம்பக் கோபம் வந்தால் "அங்க நிக்கவன்".

"சரி அக்கா, தப்புன்னு தெரிஞ்சும் இத்தனை காலம் சும்மா இருந்தீங்களே?" என்றார் மாமா.

பெரியம்மா கத்தியை வைத்தாள். "வருஷா வருஷம் எல்லாரும் அங்க பூ வைக்காவ. நானும் வாங்கிட்டுத்தான் போறேன். கிட்டப் போய்ப் பார்த்தா வேற ஆளுல்லா நிக்கான். ஷண்முகனுக்கு நான் எதுக்குப் பூ வைக்கணும்? திரும்பி வந்திருவேன்."

அன்றைக்கு மாமா தோசை கூடுதலாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மறுபடி செயலாளரிடம் போனார். நல்லவேளையாகக் கல்லைப் புதுப்பிக்கக் கொத்தரை வரச் சொல்லியிருந்தார்கள். செயலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சேச்சி நேரில் வந்து, தன் வாயால், தெளிவாகப் பெயரைச் சொல்லவேண்டும். வேறு யாராவது சொல்லி மறுபடியும் தெற்றிப் பிழையானால் பழி தன் தலையில் விழும். இந்தத் தடவை விட்டால் பிறகு கல்லில் கை வைக்கமாட்டார்கள்.

இதெல்லாம் பெரியவர்கள் பிரச்சினை. எனக்கு வேறு பிரச்சினை இருந்தது. பள்ளியில் என் பெஞ்சுக்காரன் பிஜுவிடம் விஷயத்தைப் பெருமையாகச் சொல்லப்போக, அவன் யோசித்துவிட்டு, "கல்லில் பேரு கொத்தியா ஆள் தீர்ந்நு" என்று சொல்லிவிட்டான். கொத்திய பெயர்களில் உயிரோடு இருக்கும் ஒருவனைக் காட்டு பார்க்கலாம் என்றான். நான் மாமாவோடு பார்த்த கல்லையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒருவன்கூடத் தேறவில்லை. இத்தனை நாள் என்னைக் காப்பாற்றி வந்தது அந்த ஷண்முகன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவனைச் செதுக்கி எடுத்துவிட்டு என்னைக் கொத்தப்போகிறார்கள். அதற்கு ஏற்பாடு செய்கிறவர் என் சொந்த மாமா.

வாசகசாலைக்குப் போன அன்று எனக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டார்கள். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை. செயலாளர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் கொத்தர், மடியில் உளி.

"சேச்சி, மரிச்ச ஆளுடே பேரு பறயணும்" என்றார் செயலாளர்.

பெரியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாயைத் திறந்தாள், மூடினாள். மாமாவைப் பார்த்தாள். மாமா வாயெடுக்கவும் செயலாளர் விரலை உயர்த்திவிட்டார். கடைசியில் பெரியம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளி, தலைமேல் கையை வைத்தாள்.

"இவன்தான்" என்றாள்.

செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கொத்தரும் பார்த்தார். அவர் என்னை அளவெடுப்பதாகவே எனக்குப் பட்டது.

"அப்போ மோனே, நின்டே பேரு என்ன? உரக்கப் பற" என்றார் கொத்தர், உளியைக் கையில் எடுத்துக்கொண்டே.

ஆக, அறையில் பெயர் தெரிந்த மூன்று பேர். ஒருத்தி சொல்லமாட்டாள், ஒருவரைச் சொல்ல விடவில்லை, ஒருவனுக்குச் சொன்னால் ஆயுள் முடிந்தது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் மரியாதை வருகிறது.

"பிஜு" என்றேன்.

"பிஜுவா?" என்றார் செயலாளர். "சேச்சி, இந்தப் பெயர் முருகனுக்கு உண்டா?"

மாமாவின் கை உயர்வதைப் பார்த்தேன். அடுத்த நொடி ஜன்னலோரப் பெஞ்சைத் தாண்டி, படியிறங்கி, செருப்பில் ஒன்றை விட்டுவிட்டு, முக்கை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன். உளிக்குத் தப்பித்து ஓடியவனுக்கு எதிரே கிழக்கேகோட்டை போர்டு போட்ட சிவப்பு பஸ் வந்துகொண்டிருப்பது தெரியவில்லை.

"ஆறுமுகம்."

அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அம்மா கூப்பிட்டால் நிற்கமாட்டேன், அப்பா கூப்பிட்டால் வேகமாக ஓடுவேன். இந்தக் குரலுக்குக் கால் தானாக நின்றது. பஸ் என் மூக்குக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. திரும்பிப் பார்த்தால் வாசகசாலைப் படியில் பெரியம்மா, தலைமுடி அவிழ்ந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். முக்கு டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவளும், யார் சொன்னது அது என்பதுபோல, இடமும் வலமும் பார்த்தாள்.

ஜன்னல் வழியாகச் செயலாளர் தலையை நீட்டினார். "மதி, போதும் சேச்சி. கேட்டுவிட்டது. இனி தெற்றாது."

அந்த வாரமே கொத்திவிட்டார்கள். நான் சாகத் தயாரானேன். கோலிகளையெல்லாம் தங்கைக்கு எழுதாத உயிலாகக் கொடுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் உயிர் இருந்தது. கோலிகளைத் திருப்பிக் கேட்டதில் பெரிய சண்டை நடந்தது. பெரியம்மா தெச்சிப்பூ வாங்கிக்கொண்டு கல்லுக்குப் போனாள். வெறுங்கையோடு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. "ஆறுமுகம், உப்பை எடு." "ஆறுமுகம், மழை வருது பாரு." சில சமயம் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே சும்மா "ஆறுமுகம்" என்பாள். பம்பரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ போ" என்பாள். இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு அம்மாவிடம் புகார் கொண்டுபோனேன்: வேலையும் சொல்லமாட்டேங்கிறா, விளையாடவும் விடமாட்டேங்கிறா.

அம்மா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, "நீ ஓடி வரண்டாம். கூப்பிட்டா இருந்த இடத்துல இருந்து ஓன்னு ஒரு சத்தம் கொடு, போதும்" என்றாள்.

இது நல்ல ஏற்பாடாக இருந்தது. அதன் பிறகு கொல்லையிலிருந்து குரல் வரும்போதெல்லாம், பம்பரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, தெருவில் நின்று "ஓ" என்று கத்துவேன். உள்ளே அதற்குமேல் சத்தம் இருக்காது. ஓடுகிற வேலை மிச்சமாயிற்று என்று எனக்கு ஒரே சந்தோஷம்.