இரண்டாவது சுவிட்ச்

வகுப்பில் அன்ட் கேட் என்ற மின்சுற்றை நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு சுவிட்சில் ஒன்றை மட்டும் போட்டேன். பல்ப் எரியவில்லை.

"ஒன்னு போட்டிருக்குதானே மிஸ், பத்தாதா?" என்றாள் ஒரு மாணவி.

அப்பாவும் இப்படித்தான் கேட்டார். சண்டைக் காலம், எனக்கு ஒன்பது வயது. ஓப்பநாயக்க பாதையில் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். தோட்டத்து ஆளுக்கு அடையாள அட்டையும் வேண்டும், தோட்டத்தை நடத்தும் தொரையின் கடிதமும் வேண்டும். அப்பா சட்டைப்பையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கார்டு இருக்குதானுங்க மாத்தயா, பத்தாதா?"

"லியும கோ?" என்று சிப்பாய் கடிதத்தையே கேட்டான்.

கடிதம் லயத்து வீட்டில், என் கொப்பிக்குள் இருந்தது. தொரையின் கையெழுத்தைப் போட்டுப் பழக நான்தான் எடுத்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை.

"நீ வீட்டுக்குப் போ பிள்ள, அப்பா வந்துர்றேன்" என்று சொல்லி ராணுவ ஜீப்பில் ஏறியவர் வரவேயில்லை.

"பத்தாது பிள்ள, ரெண்டும் இருக்கணும்" என்றேன் மாணவியிடம். என் விரல் இரண்டாவது சுவிட்சின் மேலேயே இருந்தது. அழுத்த மனம் வரவில்லை.