மல்லன் கொண்டுபோன என் கடைசி மகன்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். கல்முனையில் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், என் வளர்ப்பைக் குறை சொல்லமாட்டார்கள். எங்கள் பக்கம் ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அப்படி மூன்று மகன்மாரைக் கொடுத்திருக்கிறேன். பெண் வீட்டார் வந்து, இருந்து, மரியாதையாகக் கேட்டுத்தான் கொண்டுபோனார்கள். கடைசி மகனை மட்டும் ஒருவன் கேட்காமலே எடுத்துக்கொண்டான். அவன் ஜப்பானில் ஒரு சுமோ மல்லன்.

மகனுக்கு அங்கே பழைய வாகனம் கழற்றும் வேலை. பக்கத்திலே மல்லர்கள் தங்கிப் பயிற்சி எடுக்கும் வீடு. அதில் ஆகச் சின்னவன்தான் இவனுக்குக் கூட்டாளி. போன் எடுத்தால் அவன் கதைதான்.

"உம்மா, எடை காணாதெண்டு அவனச் சேர்க்க மாட்டமெண்டாங்களாம். வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டுத்தான் தராசில ஏறினானாம்."

"நீ சாப்பிட்டியா மனே?"

"சாப்பிட்டன் உம்மா. கேளுங்களேன், நேத்து ஒரு மலையத் தள்ளிட்டான்!"

மற்ற மல்லர்கள் யானைக்குட்டி மாதிரி. இவன் அவர்களின் கைக்குக் கீழே புகுந்து, காலைத் தூக்கிக் கவிழ்த்துவிடுவானாம். அப்படியே ஏறி ஏறி, சம்பளம் கிடைக்கும் தரத்துக்கும் வந்துவிட்டான். தன் முதற் சம்பளத்தைச் சொன்னபோதுகூட என் மகன் அப்படிக் கத்தவில்லை.

ஒருநாள் பேத்தி போனில் காட்டினாள். சூடடிக்கும் களம்போல இறுக்கிய மண்மேடை. இடுப்பில் ஒரு கச்சை மட்டும் கட்டிக்கொண்டு அதில் உப்பை அள்ளி அள்ளி வீசுகிறான்.

"அவ்றத்த மறைக்கத் தெரியாதவனுக்கு என்ன பெரும புள்ள?" என்றேன்.

"உம்மம்மா, கண்ண எடுக்காமப் பாக்கிறீங்களே!"

பார்க்கத்தான் செய்தேன். அவன் புகுந்த வேகம் அப்படி. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வர மகன் டிக்கெட் எடுத்திருந்தான். அதற்குள் மல்லனுக்கு முழங்கால் போய்விட்டது. ஒப்பரேஷனாம்.

"அவனப் பிடிச்சு நடத்த ஆளில்ல உம்மா. மறுகா வாறன்."

"அவன்ட உம்மா எங்க?"

"தூரத்து ஊர்ல. வயல் செய்யிறா."

நானும் வயல் செய்தவள்தான். எனக்கு முழங்கால் இல்லையா?

மல்லனைப் பெற்ற அந்தப் பெண்ணுக்கு உறைக்கட்டும் என்று தொதல் கிண்டினேன். ஒரு டின் நிறைய அடைத்து, அங்கே போகிற ஊர்க்காரர் ஒருவரிடம், மகன் அவளிடம் சேர்க்கட்டும் என்று கொடுத்துவிட்டேன். சம்பந்தி வீட்டிலிருந்து பலகாரம் வந்த பாத்திரத்தை எங்கள் பக்கம் வெறுமையாகத் திருப்பமாட்டார்கள். அவள் எதைத் திருப்பித் தரவேண்டும் என்று அவளுக்கே விளங்கும் என நினைத்தேன்.

மகனோ, "உங்கட மனசு ஆருக்கு வரும் உம்மா!" என்றான்.

மல்லனின் கால் தேறவில்லை. தரம் தரமாக இறங்கி, கடைசியில் மல்யுத்தத்தையே விட்டுவிட்டான். விடும்போது மல்லனின் குடுமியை வெட்டுவார்களாம். அவனுக்கு வேண்டியவர்கள் ஆளுக்கொரு தரம் கத்தரி வைப்பார்களாம்.

பிறகுதான் என் டின் திரும்பி வந்தது, நிறைந்து. மல்லனின் தாயுடைய வயல் அரிசி, அரிசி பிஸ்கட், மேலே ஒரு படம். குடுமியில் கத்தரி வைத்துக்கொண்டு நிற்பவன் என் மகன். பக்கத்தில் அவள், என் மகனின் கையைப் பிடித்தபடி.

"எனக்கு இப்ப ரெண்டு மகனெண்டு அவன்ட உம்மா சொன்னா, உம்மா," என்றான் போனில்.

"அவன் இப்ப எங்க?"

"ஊருக்குப் போயிட்டான். உம்மாவோட வயல் செய்யிறான்."

"அப்ப நீ?"

"நடுகைக்கு உதவி கேட்டாங்க. முடிச்சிட்டு நோன்புப் பெருநாளைக்கு..."

போனை வைத்துவிட்டேன். பெற்றவளிடம் அவள் மகன் வந்து சேர்ந்துவிட்டான். என் மகனும் அவள் வரம்பிலேதான் நிற்கப்போகிறான். எனக்கு வந்தது அரிசி. அதை இன்னும் உலையில் போடவில்லை.

எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதியது அவனுக்கு அனுப்பத்தான். மகன், நடுகைக்கு அங்கே ஒருத்தன் இருக்கிறான். நீ டிக்கெட் எடு.

பேத்திப் புள்ள, இஞ்ச வா. இத ஒருக்காச் சத்தமா வாசி. எங்கயாவது என்ட கோவம் கொறஞ்சு கேட்டா நிப்பாட்டிச் சொல்லு.