பேகம்பூர் மாடியில் எங்கள் கிணறு

எனக்கு அப்போது பத்து வயது. ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திண்டுக்கல் போவதென்றால் அம்மாவோடுதான் போவேன். அம்மாவின் திண்டுக்கல் மிகச் சிறியது. பஸ் ஸ்டாண்டு, ஒரு ஜவுளிக்கடை, ஒரு பாத்திரக்கடை, மறுபடி பஸ் ஸ்டாண்டு. நடுவில் சர்பத் கேட்டால், "வீட்டுல மோர் இருக்கு" என்று சொல்லிவிடுவார். அதனால் அந்த முழுப் பரீட்சை லீவில் அத்தையோடு டவுனுக்குப் போய்வரச் சொன்னபோது நான் ஒன்றும் துள்ளிக் குதிக்கவில்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. தபால் வழியில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கல்யாணமாகாத பெண் தனியே டவுனுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பத்து வயதுப் பிள்ளை கூடப் போனால் அது தனியே போனதாகாது என்பதும் அதே சட்டம்தான். அம்மாவின் ரவிக்கைக்கு லைனிங் துணியும் கொக்கியும் வாங்கி வர வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பழக்கதோஷத்தில் ஜவுளிக்கடைப் பக்கம் திரும்பினேன். அத்தை என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

"அங்கிட்டு எதுக்கு? வா, நான் ஒரு இடம் காட்டுறேன்."

வீட்டில் அத்தை மெதுவாகத்தான் நடப்பாள். அன்று அவளோடு சேர்ந்து நடக்க நான் ஓட வேண்டியிருந்தது. பேகம்பூர்ச் சந்துகளுக்குள் நுழைந்தோம். இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று படியேற வேண்டும், அவ்வளவு அகலம். அந்த அகலத்துக்குள் இத்தனை கடைகள் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதே இல்லை.

முதலில் பட்டன் கடை. பட்டனைத் தவிர வேறெதுவும் கிடையாது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரர் என் கவுனில் ஒரு பட்டன் இல்லாததைப் பார்த்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கைவிட்டு ஓர் இழுப்பறையைத் திறந்து அதே பச்சையில், அதே நாலு துளையோடு ஒன்றை எடுத்து வைத்தார். நான் வாயைப் பிளந்தேன். அடுத்து அத்தர் கடை. அங்கே இடது புறங்கையில் ஒன்று, வலது புறங்கையில் ஒன்று என்று தடவிவிட்டார்கள். எது மல்லிகை, எது சந்தனம் என்று மாறி மாறி முகர்ந்து எனக்குத் தும்மல் வந்தது. ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடையில் ஒரு தாத்தா, புதிதாகச் செய்த முத்திரை பதிகிறதா என்று பார்க்கக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டினேன். மணிக்கட்டுக்கு மேல் ஊதா நிறத்தில் 'உண்மை நகல்' என்று விழுந்தது. மூன்று நாள் அந்தக் கையை நான் சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

"இன்னும் இருக்கா அத்தை?"

"இன்னும்தான் இருக்கு. நாம பாக்க வந்ததே இனிமேதான்."

கடைசியாக ஒரு கண்ணாடிச் சட்டம் போடும் கடை. வாசலில் முருகனும் இயேசுவும் மக்காவும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தபடி சட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். கடைக்கார பாய் அத்தையைப் பார்த்ததும், "வாம்மா, வா. மேல போ. மாத்தி மாட்டிருக்கேன், பாரு" என்றார். அத்தையைத் தெரிந்த ஆள் ஒருவர் டவுனில் இருக்கிறார் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மரப்படி ஏறினால் மேலே ஓர் அறை. நாலு சுவரிலும் படங்கள். சாமிப் படங்கள் அல்ல, கையால் வரைந்தவை. பின்னால் ஏறி வந்த பாய், "இது நம்ம கேலரி" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். டவுனிலும் சுற்றுப்பட்டிலும் வரைகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் மாட்டிவைப்பாராம். யாருக்காவது பிடித்தால் வாங்கிப் போவார்களாம். சிறுமலை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர் மலைப்பாதையின் ஒரே வளைவை எட்டு விதமாக வரைந்திருந்தார். ஒரு நர்ஸ், தூங்குகிறவர்களின் முகங்களை மட்டும் வரைந்திருந்தாள். நான் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓடி ஓடி நின்றேன். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவருக்கு வந்தபோது கத்தியே விட்டேன்.

"அத்தை! நம்ம கிணறு!"

சந்தேகமே இல்லை. உடைந்த மூன்றாவது படி. மோட்டார் ரூம் சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி. அதில் மழை படாமலிருக்க அப்பா பாதியாக அறுத்துக் கவிழ்த்துக் கட்டியிருந்த நீல டிரம். தண்ணீருக்குள் தலைகீழாக ஒரு தென்னை. நான் தினமும் பார்க்கிற கிணறுதான். ஆனால் அது இவ்வளவு ஆழம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"பாப்பா கண்டுபிடிச்சிருச்சே" என்று பாய் சிரித்தார். பிறகு அத்தையிடம் குரலைத் தணித்துச் சொன்னார்: "ஒரு டாக்டரம்மா ரெண்டு தடவ வந்துருச்சும்மா. செத்த நேரமில்ல, அரைமணி நேரம் இது முன்னாடியே நிக்கிது. யாரு வரைஞ்சதுன்னு கேட்டுச்சு. நீ சொல்ல வேணாம்னியே, நான் சொல்லல. ஞாயித்துக்கிழம வாரேன், வேற யாருக்கும் குடுத்துராதீகன்னு சொல்லிட்டுப் போயிருக்கு."

அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவளுடைய காதுமடல்கள் சிவந்திருந்தன.

திரும்பும் வழியில் எனக்குச் சர்பத் கிடைத்தது, கேட்காமலே. பஸ்ஸில் என் காதருகே குனிந்து, "ஏடி, வீட்டுல மூச்சு விட்றாத. ஞாயித்துக்கிழம போகட்டும். அந்தம்மா வாங்கிட்டுப் போனதும் நானே அண்ணங்கிட்டச் சொல்லிக்கிறேன்" என்றாள். நான் முத்திரை பதித்த கையால் சத்தியம் செய்தேன். லைனிங் துணி வாங்க மறந்துபோனது எங்கள் ஊர் ஸ்டாப்பில் இறங்கிய பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சத்தியம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தன் கூட்டாளி வீட்டுக் கிணறுதான் ஊரிலேயே பெரியது என்று என் அண்ணன் ஏதோ பீற்றிக்கொண்டான். எனக்குப் பொறுக்கவில்லை. "நம்ம கிணறு டவுன்லயே தொங்குது, தெரியுமா? அத்தை வரைஞ்சது! ஒரு டாக்டரம்மா வாங்கப் போறாங்க!"

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். அத்தை தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பா கோபப்படுவார் என்றுதான் நானும் பயந்தேன். அவர், "எந்தக் கடை?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். நான் அத்தர் கடையில் ஆரம்பித்து வழி சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா டவுனிலிருந்து வந்தார். டி.வி.எஸ்ஸின் முன்னால் செய்தித்தாள் சுற்றிய பெரிய பொட்டலம். கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நூலைப் பிரித்தார். எங்கள் கிணறு. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நான் யாருன்னே அந்த பாய்க்குத் தெரியாது. வேற ஒருத்தருக்குச் சொல்லி வச்சதுன்னாரு. நான் விடலயே! கேட்டதுக்கு மேலயே குடுத்து வாங்கியாந்துட்டேன்" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "எந் தங்கச்சி வரைஞ்சத எவனோ அவன் வீட்டுச் செவுத்துல எதுக்குத் தொங்கவிடணும்? ஏத்தா, எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?" என்று சொல்லிக்கொண்டே சட்டத்தைத் துண்டால் துடைத்தார்.

"நல்லாருக்குண்ணே" என்றாள் அத்தை.

அண்ணன் சுத்தியல் எடுக்க ஓடினான். அம்மா எந்தச் சுவர் என்று கணக்குப் பார்த்தார். நான் அத்தையைத் தேடிக் கொல்லைக்குப் போனேன். துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷம் அதிகமானால் பெரியவர்கள் அழுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நல்லவேளை அத்தை," என்றேன் நான், "அந்தம்மா வாங்குறதுக்குள்ள அப்பா வாங்கிட்டாரு."

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆமாடி. நல்லவேளை" என்றாள்.

எங்கள் கிணறு என்பதால் அந்தப் படம் எங்களுக்குப் பிடித்தது. எங்கள் அத்தை வரைந்தது என்பதால் இன்னும் பிடித்தது. இந்த இரண்டும் தெரியாத ஒருத்தி இரண்டு தடவை மரப்படி ஏறி வந்து அதன் முன்னால் அரைமணி நேரம் நின்றாள். அத்தைக்கு வேண்டியிருந்தது அந்த ஒருத்தி. பத்து வயதில் எனக்கு அது தெரியவில்லை. மறுநாள் அவள் வந்து வெறும் ஆணியைப் பார்ப்பாள் என்றும் தோன்றவில்லை. என் கவுன் நுனியால் அத்தையின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, படம் மாட்டுவதைப் பார்க்கக் கூடத்துக்கு ஓடினேன்.