வால் யாரிடம் இருக்கிறது

ஷூ கம்பெனி பஸ்ஸில் நாங்கள் நாவல்களை அறுத்துத்தான் படிப்போம். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்களுக்கு இது பாவமாகத் தெரியும். பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் வரை அந்தப் பஸ் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு கை முன் சீட்டுக் கம்பியில் இருந்தாக வேண்டும். மிச்சமிருக்கும் ஒரு கையால் தடித்த நாவலைப் பிடிக்க முடியாது. அதோடு ஒரு புத்தகம் வந்தால் அதற்கு ஏழெட்டுப் பேர் காத்திருப்போம். ஒருத்தி முழுவதையும் முடித்துக் கொடுக்கும்வரை மற்றவர்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு போவதா?

அதனால் தோல் வெட்டும் கத்தியால் முதுகைக் கீறிப் புத்தகத்தை ஐந்து கூறாகப் பிரிப்போம். ஒவ்வொரு கூறுக்கும் ஷூ தைக்கிற நைலான் நூலால் தையல் போட்டு, கடைத்தெருவில் எடைக்கு வாங்கும் லைனிங் தோல் துண்டில் அட்டை ஒட்டிவிடுவோம். முதல் கூறுக்குத் தலை என்று பெயர். கடைசிக் கூறு வால். "வால் யார்கிட்ட கீது?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் மீன் வியாபாரம் நடக்கிறது என்று புதிதாக ஏறியவர்கள் நினைப்பார்கள்.

இதற்குச் சட்டமும் உண்டு. புத்தகம் கொண்டுவந்தவள் முதலில் படிப்பாள். அடுத்து யார், அதற்கடுத்து யார் என்பதையும் அவளே சொல்வாள். எந்தக் கூறைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், சண்டை போடலாம். ஆனால் எல்லோரும் முடிக்கும்வரை வாலில் இருப்பதை யாரும் வாயால் சொல்லக் கூடாது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவும் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வாய் வராது. படித்ததைப் பற்றி ஏதாவது தோன்றினால் பக்கத்து சீட்டில் இருக்கும் ஆபாவின் காதில் சொல்வேன். பேக்கிங்கில் இருக்கும் அவரை எல்லோரும் ஆபா என்றுதான் கூப்பிடுவோம். அக்காவுக்கு அவர்கள் வீட்டில் சொல்லும் சொல் அது. ஆபா உடனே எழுந்து நின்று, "இவ இன்னா சொல்றான்னா, அந்த வக்கீலு நல்லவனே கெடயாதாம்!" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி அறிவிப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "நானும் அப்பவே நெனச்சேன்" என்பார். அவர் ஒரு பக்கமும் படித்தவரில்லை. எங்கள் பேச்சிலேயே எல்லா நாவலையும் முடித்தவர்.

காலையில் எழும்போதே அன்று என்னென்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எத்தனை ஜோடி சீவ வேண்டும், சூப்பர்வைசர் எதற்குக் கத்துவார், வீட்டில் யார் எந்தக் குழம்பைப் பிடிக்கவில்லை என்பார்கள், எல்லாம் தெரியும். தெரியாதது ஒன்று எனக்கென்று இருந்தது. அது நாவலின் வால். அதற்குப் போய்ச் சேரும் அந்த நாட்களில்தான் நான் நன்றாக இருந்தேன்.

அதைத்தான் அவள் பறித்தாள்.

செக்கிங் டேபிள்காரி. வயதில் எனக்கு மூத்தவள். நேரில் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது 'அவர்' போட மனம் வரவில்லை. ஷூவைக் கையில் வாங்கியதும் முதலில் குதிகாலைத் திருப்பிப் பார்ப்பாள். நாவலையும் அப்படித்தான். நாங்கள் தலையைப் படித்துக்கொண்டிருக்கும்போது வால் சும்மாதானே கிடக்கும்? "சும்மா தானே கீது, குடு" என்று அதை வாங்கி முதலில் படித்துவிடுவாள். பிறகு அதை வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. யாரிடமாவது கொட்ட வேண்டும். மற்றவர்கள் திருப்பித் திட்டுவார்கள். நான் திட்ட மாட்டேன். ஆகவே என்னிடம் கொட்டுவாள்.

"அந்த டாக்டரு தான் வெஷம் வச்சது, சும்மா அவன நல்லவன்னு நெனச்சிகினு இருக்காத" என்று மெஷினைத் தாண்டிப் போகும்போது சொல்லிவிட்டுப் போவாள். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருமுறை, கை கழுவும் இடத்தில் ஒருமுறை. நான் சிரித்து வைப்பேன். பயந்தவர்களின் சிரிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அப்போது என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டிருப்பேன். ஒன்றை மட்டும் விட முடியவில்லை.

அது ஒரு அம்மாவையும் மகளையும் பற்றிய நாவல். பிறந்த உடனே கொடுத்துவிட்ட பெண்ணும் பெற்றவளும் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒருவரை ஒருவர் தெரியாமல் வாழ்கிறார்கள். மகள் அவளிடமே பூ வாங்குகிறாள். நான் அதை மெதுவாகப் படித்தேன். முடிந்துவிடக் கூடாது என்று படித்ததையே திரும்பப் படித்தேன். "தெரிஞ்சிக்குவாங்களா ஆபா?" என்று தினமும் கேட்பேன். ஆபா எனக்கு முன்பே முடித்திருந்தார். வாயில் விரல் வைத்துக் காட்டுவார். நான்காம் கூறின் கடைசிப் பக்கங்களில் இருந்தேன். நாளைக்கு வால்.

முன் சீட்டிலிருந்து அவள் திரும்பினாள். வாயில் வேர்க்கடலை.

"இன்னும் அதையே படிச்சிகினு கீற? தெரிஞ்சிக்கவே மாட்டாங்கம்மே. அம்மாக்காரி செத்துப் போய்டுவா. பூக்காரம்மா செத்துட்டாங்கன்னு அந்தப் பொண்ணு ஒரு மால வாங்கிப் போட்டுட்டு வேலைக்குப் போய்டும். அவ்ளோ தான்."



"த, உனுக்கு அறிவு கீதா?" என்றார் ஆபா.

"நான் இன்னா பண்ணேன்? அழுதுடப் போறாளேன்னு முன்னாடியே சொன்னேன். நல்லது தான பண்ணேன்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மெஷினில் சீவிய ஓரமெல்லாம் காகிதம்போல மெலிந்துபோனது. தைக்கும்போது கிழிந்து, தைத்தவை அவள் டேபிளுக்குப் போய், எல்லாம் திரும்பி வந்தன. "இன்னாம்மே, கண்ணு தெரியலயா?" என்று அங்கிருந்தே கத்தினாள். அந்த நாவலின் வாலை நான் இன்றுவரை படிக்கவில்லை. அந்தப் பெண் மாலை போடும் பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ எனக்குத் தெரியாது. வேர்க்கடலை வாசனையோடு அவள் சொன்னதுதான் எனக்குத் தெரியும்.

அப்போதே முடிவு செய்தேன். சண்டை போட எனக்கு வராது. காத்திருக்க வரும்.

வேலூருக்கு ஆஸ்பத்திரி வேலையாகப் போனபோது ஒரு பழைய பேப்பர் கடையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. பெயர் போட்ட பக்கமும் இல்லை. யார் எழுதியது, என்ன தலைப்பு, எதுவும் தெரியாது. நேராக முதல் அத்தியாயம். கல்யாணத்தன்று விடியற்காலையில் மணப்பெண் காணாமல் போகிறாள். பல வருஷம் கழித்து ஒருத்தி வந்து நான்தான் அவள் என்கிறாள். வீடே கொண்டாடுகிறது. அடுத்த வாரம் இன்னொருத்தி வந்து நிற்கிறாள், நான்தான் அவள் என்று. இரண்டு பேருக்கும் அந்த வீட்டு ரகசியமெல்லாம் தெரிந்திருக்கிறது.

கடையில் நின்றபடியே சில பக்கங்கள் படித்தேன். புத்தகம் பிடித்துப்போனது. வேறு பிரதி தேட யாருக்கும் ஒரு வழியும் இல்லை என்பது அதைவிடப் பிடித்தது.

முழுவதையும் நான் முதலில் படித்தேன். பிறகு கூறு போட்டேன். நான்காம் கூறை எங்கே முடிப்பது என்று நிறைய யோசித்தேன். பெண்ணைப் பெற்றவள் படுத்த படுக்கையிலிருந்து கூடத்துக்கு வருகிறாள். இரண்டு பேரும் எதிரே நிற்கிறார்கள். கிழவி கையை நீட்டுகிறாள். அந்த இடத்தில் கத்தி வைத்தேன். அதற்குப் பிறகு வால் முழுக்க அந்த இரண்டு பேரின் பழைய கதை; கூடத்துக்குத் திரும்பி வருவதே கடைசித் தாளில்தான்.

கொண்டுவந்தவள் நான் என்பதால் வரிசை என்னுடையது. அவளை எல்லோருக்கும் கடைசியில் வைத்தேன்.

"ஏன் நானு கடசீல?"

"நீ தான்க்கா சீக்கிரம் படிப்ப. மத்தவங்க லேட்டு" என்றேன். அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

வாலைப் பஸ்ஸுக்கே எடுத்து வரவில்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். யார் நான்காம் கூறை முடிக்கிறார்களோ அவர்களுக்கு மட்டும் சாப்பாட்டுப் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்து, திரும்ப வாங்கிப் போவேன். அவள் ஒவ்வொரு நாளும், "வால் சும்மா தான கீது?" என்பாள். "சும்மா இல்லக்கா, ஒருத்தங்க படிக்கறாங்க" என்பேன்.

பஸ் முழுக்க அந்த நாவல்தான் பேச்சு. முதலில் வந்தவள்தான் நிஜம் என்று பாதிப் பேர், இரண்டாமவள்தான் என்று பாதிப் பேர். முடித்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். அவள் முறை வந்தது. வேகமாகத்தான் படித்தாள். ஒரு திங்கட்கிழமை நான்காம் கூறை என் மடியில் போட்டாள்.

"கெயவி கைய நீட்னா. யார தொட்டா? குடு."

"வீட்ல வச்சிட்டு வந்துட்டேன்க்கா."

மறுநாளும் மறந்துவிட்டேன். அதற்கடுத்த நாளும். அந்த வாரக் கடைசியில் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை அவள் முகத்தில் பார்த்தேன். எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது. சாப்பாடு ருசித்தது.

அவள் மற்றவர்களிடம் போனாள். அங்கேதான் எங்கள் சட்டம் எனக்கு உதவியது. எல்லோரும் முடிக்கும்வரை வாலைச் சொல்லக் கூடாது. எல்லோரும் முடிக்கவில்லையே, அவள் முடிக்கவில்லை. அன்று சிரித்தவர்கள்தான் இப்போதும் சிரித்தார்கள். இந்த முறை எனக்காக.

டிரைவர் அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "எம்மா, எனக்காவது சொல்லுங்கம்மா. அந்த ரெண்டு பொண்ணுல எது தான் நெஜம்?"

"அக்கா முடிக்கட்டும்ணே" என்று பின் சீட்டிலிருந்து ஒரு கூட்டமே பதில் சொன்னது.

அவள் பதிலுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். நான் சீவிய ஜோடிகளைக் குறி வைத்துத் திருப்பி அனுப்பினாள். ஒன்றும் இல்லாததற்கெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டாள். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். வாயைத் திறக்கவில்லை. அவள் கோடு போடப் போட, வால் பீரோவில் இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போனது.

ஆபாவும் கேட்டுப் பார்த்தார். "போதும்மா. தினம் எனுக்கு போன் பண்ணி பேஜார் பண்றா. தூக்கம் வர்லயாம்."

"எனக்கும் தான் வர்ல ஆபா. அந்த அம்மா பொண்ணு கதையில."

"உன்ன ஊமைன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் ஆபா. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதற்காகவும் நான் மனம் மாறவில்லை.

இப்படியே மழைக்காலம் போனது. பிறகு அவள் வேலையை விடப்போவதாகச் சொன்னாள். ஆற்காட்டில் மகன் வீடு. மருமகளுக்குப் பிரசவம். கடைசி நாள் எது என்று முன்கூட்டியே தெரிந்ததால் எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. வாலை எடுத்து, தையலைப் பிரித்து, கடைசித் தாள் ஒன்றை மட்டும் உருவினேன். மறுபடி அதே துளைகளில் நூல் விட்டுத் தைத்தேன். என் கைத்தையல் சுத்தமாக இருக்கும்.

கடைசி நாள் பஸ்ஸில் எல்லோருக்கும் மக்கன் பேடா கொடுத்தாள். என்னிடம் வந்தபோது பெட்டியை நீட்டியபடி நின்றாள்.

"எடுத்துக்க. நான் உனுக்கு இன்னா பண்ணேன்னு தெரியும். வாய் சும்மா இருக்காது எனுக்கு. குடுத்துடும்மே."

ஒரு பேடா எடுத்துக்கொண்டேன். பையிலிருந்து வாலை எடுத்து அவள் கையில் வைத்தேன். பஸ்ஸே கை தட்டியது. ஆபா என் கன்னத்தைக் கிள்ளினார்.

வழக்கம்போல அங்கேயே கடைசிப் பக்கத்தைத் திருப்புவாள், அந்த முகத்தைப் பார்க்கலாம் என்றுதான் காத்திருந்தேன். அவள் திருப்பவில்லை. "இந்த வாட்டி மொதல்லேர்ந்து படிக்கறேன், உன்ன மாதிரி" என்று சொல்லிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் இறங்கும் இடம் வரும்வரை பையின் மேலேயே கை வைத்திருந்தாள். அப்போதாவது நான் எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று யாராவது நினைக்கக் கூடும். நான் நினைக்கவில்லை. பேடாவின் நெய்யும் பாகும் விரலில் ஒட்டியிருந்தன. ஜன்னலில் துடைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"கடசித் தாளு எங்கடி?"

பழைய புத்தகம், அப்படித்தான் வந்தது என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வாயில் அது வரவில்லை.

"எங்கிட்ட கீதுக்கா" என்றேன்.

"படிச்சிக் காட்டு."

"மாட்டேன்."

அந்தச் சொல்லை அதற்கு முன் யாரிடமும் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. உள்ளிருந்து என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் வெகுநேரம் திட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். இப்போது அது வழக்கமாகிவிட்டது. என்ன படிக்கிறாய் என்பாள், சொல்வேன். அவள் படிப்பதைச் சொல்வாள். பேரனைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே படிக்கிறாளாம். பஸ்ஸில் என்னென்ன கூறு ஓடுகிறது என்று கேட்பாள். போனை வைப்பதற்கு முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "கெயவி யார தொட்டா?" என்பாள். வைத்துவிடுவேன்.

போன வாரம் அவள் கேட்கவில்லை. தானே சொன்னாள். "நான் யோசிச்சேன். கெயவி ரெண்டு பேரையும் தொட்டுப் பாத்துட்டு, ரெண்டு பேருமே இல்லன்னு தெரிஞ்சிகினு, ரெண்டு பேரையும் வச்சிக்கறா. பொண்ணு வோணும் அவளுக்கு, எவளா இருந்தா இன்னா. சரியா?"

அந்தக் கடைசித் தாளில் யாரோ ஒரு போலீஸ்காரர் வந்து, கைரேகை பார்த்து, நாலு வரியில் அவசரமாக முடித்துவைக்கிறார். அவள் சொன்னது அதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

"இல்லக்கா, அது இல்ல" என்று மட்டும் சொன்னேன்.