ஆமென் சொல்லும்வரை

என் அப்பாவின் ஜெபம் நீளமானது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்களின் முதுகுவலி, அவர்கள் பேரப்பிள்ளைகளின் பரீட்சை, வன்னியம்பட்டியில் சித்தப்பா வீட்டுச் சினைமாடு என்று எதையும் விடமாட்டார். சோறு ஆறிப்போகும். ஆனாலும் அவர் ஆமென் சொல்லும்வரை எங்கள் வீட்டில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது. அவர் ஆரம்பித்துவிட்டால், நின்ற இடத்திலேயே நின்று கைகூப்பிக்கொள்ள வேண்டும்.

நான் அப்படித்தான் வளர்ந்தேன். என் ஐந்து வயது மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். மலைக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அவள் ஒரு கண்ணைத் திறந்து மின்விசிறியைப் பார்த்தாள். தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அதைக் கண்டுபிடிக்க நான் மட்டும் கண்ணைத் திறந்துகொள்ளலாம் என்பது என் சட்டம்.

கூடாரம் போட்டுத் தங்கி மலையில் நடக்கவேண்டும் என்பது என் கணவரின் பலநாள் ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலை கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. துணி காயப்போடும்போது பார்ப்பதோடு சரி, ஏறியதில்லை. ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவருடைய நண்பருக்கு மாந்தோப்பு இருக்கிறது. அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அதில் கூடாரம் அடித்துத் தூங்கினோம். தூங்கினோம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் அனுமதிச் சீட்டோடு, வனக் காவலர் ஒருவர் முன்னே நடக்க, ஓடைக்கரை வழியாக மலையேறினோம். அப்பா என்னைவிட வேகமாக நடந்து எரிச்சலூட்டினார்.

பசிக்கிற நேரத்தில் ஒரு நிழலில் எங்களை உட்காரச் சொன்னார் காவலர். யானை நடமாட்டம் இருக்கிறதா என்று மேலே பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். போகும்போது ஒன்று சொன்னார்.

"இங்க வெயிலடிக்கும், மேல மழை பெய்யும். தண்ணி கலங்கலா வந்துச்சுன்னா செத்த நேரங்கூட நிக்காதீங்க. கண்ணு ஓடை மேலயே இருக்கட்டும்."

தலையாட்டினோம். புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தோம். அப்பா தொண்டையைச் செருமினார். கண்களை மூடிக்கொண்டோம்.

சிமெண்ட் ஆலை முடிந்து ஜெபம் வன்னியம்பட்டிக்கு வந்திருந்தது. ஓடையின் சத்தம் கனத்துவிட்டதுபோல் இருந்தது. கண்ணைத் திறந்தேன். மகள் என் பக்கத்தில் இல்லை. கை கழுவ இறங்கியவள், ஓடைக்கு நடுவே ஒரு தட்டைப் பாறையில் கைகூப்பி, கண்களை இறுக்க மூடி நின்றுகொண்டிருந்தாள். செம்மண் நிறத் தண்ணீர் அவள் கணுக்காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பாறை முழுக்கப் பாசி. கூப்பிட்டால் திரும்புவாள், தண்ணீரைப் பார்ப்பாள், பயந்து என்னிடம் ஓடி வருவாள். ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். வாய்வரை வந்த சத்தத்தை விழுங்கிக்கொண்டு கணவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். பார்த்தவர் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரில் இறங்கினார். அந்தச் சலசலப்பில் அப்பாவும் கண்ணைத் திறந்தார். ஜெபம் நின்றது. பாறைமேல் மகளின் கூப்பிய கை தளர்ந்தது.

அப்பாவின் காதில் சொன்னேன்: "நிறுத்தாதீங்கப்பா. ஆமென் மட்டும் சொல்லிராதீங்க."

அப்பா தொடர்ந்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் ஜெபித்ததை அன்றுதான் பார்த்தேன். வேறு எதுவும் அவருக்கு வாயில் வரவில்லை. "வன்னியம்பட்டியில இருக்கிற மாட்டை ஆசீர்வதியும் ஆண்டவரே" என்றார். மறுபடியும் அதையே சொன்னார். மறுபடியும். அந்த மாட்டுக்கு ஜென்மத்துக்கும் அவ்வளவு ஆசீர்வாதம் கிடைத்திருக்காது. மகளின் கை மீண்டும் கூப்பிக்கொண்டது.

கணவர் இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை தடுமாறினார். நான் செத்துப் பிழைத்தேன். அதற்குள் அவளை வாரி எடுத்துவிட்டார். கரையேறி, மேட்டுக்கு வரும்வரை அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியே இருந்தாள். அப்பா ஆமென் சொல்லிவிட்டுத் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார். அவள் கண்ணைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தால், அந்தப் பாறையைக் காணோம்.

அவளை மடியில் போட்டுக்கொண்டேன். ஈரக் காலைத் துடைத்துவிட்டுக்கொண்டே கேட்டேன்.

"தண்ணி வந்தது ஒனக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிச்சு. மொதல்ல பாதம் நனைஞ்சிச்சு. பொறவு முட்டிகிட்ட வந்துருச்சு."

"அப்பக் கண்ணத் தொறக்க வேண்டியதுதான?"

அவள் தாத்தாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தாத்தா ஆமென் சொல்லலையே. தொறந்தா நீ கிள்ளுவேல்ல."

என் கை அவள் தொடைமேல்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.