திருநீறுக்குத் தண்ணீர் ஊற்றிய ஒன்பது நாள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனுஷரிடம் மட்டுமில்லை, சாமியிடமும் அப்படித்தான்.

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் திண்டிவனம் பைபாஸில் வண்டியோடு சறுக்கி விழுந்தார். வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள். ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து திருவாமாத்தூர் அம்பாளிடம் வேண்டிக்கொண்டேன். "தாயே, இவர் யார் தோளையும் பிடிக்காமல் நடந்து வந்து உன் வாசப்படி தாண்டட்டும். உனக்கு ஒரு மாலை சாத்துகிறேன்." இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "கடையில் வாங்கின மாலை இல்லை தாயே, என் கையால் விதை போட்டு வளர்த்த பூவில் கட்டின மாலை" என்று சேர்த்துவிட்டேன்.

அதுவரைக்கும் நான் ஒரு கீரைகூட உருப்படியாக வளர்த்தவள் இல்லை. வாங்கி வைத்த துளசி என் வீட்டில் ஆறு மாசம் தாண்டினது கிடையாது. வீட்டுக்காரர் கண் விழித்ததும் வேண்டுதலைச் சொன்னேன். மயக்க மருந்து முழுசாகத் தெளியவில்லை, அப்போதே சிரித்தார். "அம்பாளை ஏண்டி பேஜார் பண்றே? பஸ் ஸ்டாண்டாண்ட வரிசையா மாலைக் கடை இருக்குது!"

பங்குனியில் தடி ஊன்றி நடக்க ஆரம்பித்தார். ஆனிக்குள் தடியும் தேவைப்படாது என்று டாக்டர் சொன்னார். ஆனி மாசம் இரண்டாம் வெள்ளி கோயிலுக்குப் போவது என்று முடிவு செய்தோம். சித்திரை பிறந்ததும் விதைத்தால் சரியாக இருக்கும். வானூர் பக்கத்திலிருந்து கூடையில் பூ கொண்டுவந்து விற்கும் அம்மா, கோழிக்கொண்டை விதையும் வாடாமல்லி விதையும் கொடுத்தாள். செண்டுப்பூ விதையை, ஆயுத பூஜைக்குப் போட்டுக் காய்ந்து கிடந்த மாலையிலிருந்து நானே உதிர்த்தேன்.

விதையை நேராக மண்ணில் போட எனக்கு மனசு வரவில்லை. ஒரு வாரம் சாமி காலடியில் இருக்கட்டும் என்று மூன்றையும் பேப்பரில் தனித்தனியாக மடித்து பூஜைத் தட்டில் வைத்தேன். எனக்குப் பொட்டலம் மடிக்கத் தெரிந்தது ஒரே விதம்தான். கோயிலில் திருநீறு மடித்துக் கொடுப்பார்களே, அந்த விதம். அதே தட்டில், வேண்டுதலை நேரில் சொல்லிவிட்டு வரப் போனபோது திருவாமாத்தூரில் கொடுத்த திருநீறுப் பொட்டலங்களும் இருந்தன.

சித்திரை முதல் நாள் என் நாத்தனார் விழுப்புரத்திலிருந்து அண்ணனைப் பார்க்க வந்தாள். வீட்டுக்காரருக்குத் தங்கை, என்னைவிட நாலு வயசு சின்னவள். அண்ணன் என்றால் உயிர். நான் அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை குளித்து, ஈரத் தலையோடு பொட்டலங்களை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். பெயின்ட் டப்பா, உடைந்த குடம், எண்ணெய் டின் எல்லாவற்றிலும் மண் ரொப்பி வைத்திருந்தேன். முதல் பொட்டலம் செண்டு. இரண்டாவது கோழிக்கொண்டை. மூன்றாவதைப் பிரித்தேன். பஞ்சு பஞ்சாக வாடாமல்லி விதை இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளை வெளேரென்று திருநீறு.

மாடியிலிருந்தே கத்தினேன். "ஏங்க! விதை திருநீறாயிடுச்சுங்க!"

கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னாது?"

"வாடாமல்லி விதைங்க! சாமி எடுத்துக்கினு திருநீறு குடுத்துட்டாருங்க!"

"வெயிலு அப்படி அடிக்குதுடி. வெந்து சாம்பலாயிருக்கும். நீ ஜல்தியா கீழ இறங்கு, நீயும் சாம்பலாயிடப் போறே!"

தட்டில் மிச்சம் எத்தனை பொட்டலம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. என்ன குற்றம் செய்தேன் என்று யோசித்தேன். அப்புறம் வேறு மாதிரியும் யோசித்தேன். விதையைத் திருநீறாக்கத் தெரிந்த சாமிக்கு, திருநீறை விதையாக்கத் தெரியாதா? பெரிய எண்ணெய் டின்னில் மண்ணைக் கீறி, அந்தத் திருநீறைத் தூவி, மூடி, கும்பிட்டுத் தண்ணீர் தெளித்தேன்.

ஒன்பது நாள். காலையில் ஒரு செம்பு, சாயந்திரம் ஒரு செம்பு. செண்டும் கோழிக்கொண்டையும் முளைத்துவிட்டன. எண்ணெய் டின்னில் மட்டும் ஒன்றுமில்லை. "இன்னாடி, சாமி மனசு மாறிச்சா?" என்று தினமும் கேட்பார். "நீங்க நம்ப மாட்டீங்க, அதான் வரமாட்டேங்குது" என்று அவர் மேல் பழியைப் போடுவேன்.

பத்தாம் நாள் காலை நாத்தனார் போன் பண்ணினாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அண்ணி! ஒரு அதிசயம் அண்ணி! அண்ணன் புத்தாண்டு அன்னைக்குத் திருவாமாத்தூர் பிரசாதம்னு ஒரு பொட்டலம் குடுத்துச்சு இல்ல? வீட்டுக்கு வந்து நெத்தியில இட்டுக்கலாம்னு பிரிக்கிறேன், உள்ள விதை அண்ணி! கோயில்ல இப்போ விதையைப் பிரசாதமா குடுக்குறாங்க போலக்குது! பயபக்தியா தொட்டியில போட்டேன். இன்னைக்குப் பாக்குறேன், குபுகுபுன்னு முளைச்சுக்கினு இருக்குது!"

நான் போனைக் கையில் பிடித்தபடி வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லாம் அவர் காதிலும் விழுந்துவிட்டது. அவர் மெதுவாகத் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. "பால் பொங்குதும்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். "ஒன்பது நாளு!" என்று அவர் ஒன்பது விரலைக் காட்டுவார், உடனே மறுபடியும் சிரிப்பு வரும். தொடையில் கம்பி இருக்கிற மனுஷர், "ஐயோ வலிக்குதுடி, சிரிப்பு மூட்டாதே" என்று கெஞ்சினார்.

சிரித்து முடித்த பிறகுதான் வேண்டுதல் ஞாபகம் வந்தது. மாலைக்கு அந்த வாடாமல்லியைத்தான் நம்பியிருந்தேன். எந்த வெயிலுக்கும் அசையாத பூ அது ஒன்றுதான். உண்மையைச் சொல்லித் தொட்டியைக் கேட்கலாமென்றால், அவ்வளவு சந்தோஷமாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சொல்வது? "சொல்லாத, பாவம்" என்றார் அவர். நானும் சொல்லவில்லை.

அப்புறம் கத்திரி வெயில் வந்தது. எங்கள் மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. காலையில் ஊற்றின தண்ணீர் போதவில்லை என்று ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு டேங்க் குழாயில் ரப்பர் டியூப் மாட்டி அத்தனை செடிக்கும் பாய்ச்சினேன். கையில் பட்ட பிறகுதான் தெரிந்தது, வந்தது காபி போடுகிற சூட்டில் வெந்நீர். என் கையாலேயே பாதி நாற்றை அவித்துவிட்டேன். மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற அவர் வேட்டி நாலைக் கொடிக்கம்பியில் இழுத்துக் கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரம்மா தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, "பந்தல் போட்டிருக்கீங்க, எங்களுக்குச் சொல்லவேயில்லை! இன்னா விசேஷம்?" என்று கேட்டாள். "செடிக்குத்தாங்க" என்றேன். "செடிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நாத்தனார் வீட்டில் வேப்ப மர நிழல். அவள் தினமும் வீடியோ காலில் வருவாள். முகம் தெரியாது. வாடாமல்லிதான் தெரியும். "பாருங்க அண்ணி, நாலு இலை. பாருங்க அண்ணி, கிளை விட்டிருக்குது." என் செடிகளைக் காட்டச் சொல்வாள். காட்டுவேன். "ஐயோ, வதங்கிக் கெடக்குதே. பக்தியோட ஊத்தணும் அண்ணி. ஊத்தும்போது வேற நெனப்பு வரக்கூடாது" என்று எனக்குப் பாடம் நடத்துவாள். பக்கத்தில் வீட்டுக்காரர் ஒன்பது விரலைக் காட்டுவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

வைகாசி கடைசியில் இன்னொரு சேதி வந்தது. அவள் தெருவில் ஒரு வீடு விடாமல் விஷயத்தைச் சொல்லி, ஏழெட்டுப் பெண்களை ஆட்டோவில் ஏற்றித் திருவாமாத்தூருக்கு அழைத்துப் போயிருக்கிறாள். எல்லாரும் வரிசையாக நின்று விதைப் பிரசாதம் கேட்டிருக்கிறார்கள். குருக்கள் திகைத்துப்போய், "இங்க திருநீறும் குங்குமமும்தாம்மா" என்றாராம். "ஸ்டாக் தீந்துடுச்சு அண்ணி, வெளிய சொல்ல மாட்டேங்குறாரு" என்றாள் நாத்தனார். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் ஒரு கோயிலுக்கே அல்லவா சங்கடம்!

ஆனி இரண்டாம் வெள்ளிக்கு முதல் நாள் விழுப்புரம் போய்ச் சேர்ந்தோம். அவர் தடி இல்லாமல் பஸ்ஸிலிருந்து இறங்கினார். என் மடியில் ஒரு டிபன் பாக்ஸ். இரண்டு மாசப் பாடுக்கு அதற்குள் இருந்தது ஏழு கோழிக்கொண்டை, பதினோரு செண்டு. இதில் அம்பாளின் ஒரு கைக்கு வளையல் வேண்டுமானால் கட்டலாம்.

நாத்தனார் வீட்டுக் கொல்லையில் மூன்று தொட்டி. ஊதா நிறத்தில் உருண்டை உருண்டையாக, இலையே தெரியாமல் பூத்திருந்தது வாடாமல்லி. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தாள். உச்சுக் கொட்டவில்லை. என் முதுகைத் தடவி, "விடுங்க அண்ணி. நான் ஒரு பூ கிள்ளலை, எல்லாம் அம்பாளுக்குத்தான். உங்க மாலை சின்னதா இருந்தா இன்னா, சாமி அளந்தா பாக்குது?" என்றாள்.

அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. "அது என் விதைம்மா" என்று ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பொட்டலம் மடித்தது, அவர் மாற்றிக் கொடுத்தது, எண்ணெய் டின், ஒன்பது நாள், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. துவைக்கிற கல் மேல் உட்கார்ந்தாள். "அப்போ, அத்தினி பேரை இட்டுக்கினு போய்க் கோயில்ல நின்னனே..." என்றாள். அப்புறம் திரும்பி, "அண்ணா! குடுத்தது நீதானே!" என்று கத்தினாள். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, "நான் ஆபரேஷன் ஆன ஆளு பாப்பா, என்னைக் கேக்காத" என்றார்.

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அப்போது அவள் மெல்லக் கேட்டாள். "ஒன்பது நாளுமா அண்ணி? திருநீறுக்கா தண்ணி ஊத்துனீங்க?"

"காலையில ஒரு செம்பு, சாயந்திரம் ஒரு செம்பு."

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கல்லிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, விக்கல் எடுக்கிற வரைக்கும் சிரித்தாள். "பக்தியோட ஊத்தணும்னு உங்களுக்கே சொன்னேனே அண்ணி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் அழுகை எங்கே போனதோ தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அவளே கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்தாள். "உங்க வேண்டுதல் பூ. கிள்ளுங்க." நான் வாங்கவில்லை. "என் கையால வளத்த பூன்னு சொல்லி வேண்டிக்கினேன். வளத்தது நீ. இதை என் மாலைன்னு போட்டா பொய்யாயிடும்மா." அவள் விடவில்லை. "விதை உங்க சாமி காலடியில ஒரு வாரம் இருந்துது. நான் தண்ணிதானே ஊத்துனேன்?" நீ எடு, நீங்க எடுங்க என்று ஒரு மணி நேரம் போனது. கடைசியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே நாரில் அவள் ஒரு முனையிலிருந்தும் நான் ஒரு முனையிலிருந்தும் கட்டினோம். ஊதாவுக்கு நடுவில் என் சிவப்பும் மஞ்சளும் போய் உட்கார்ந்தன. ஆனாலும் வேண்டுதல் நிறைவேறுமா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. சாமியிடம் சொன்ன சொல் வேறு, கையில் இருந்த மாலை வேறு.

காலையில் கோயிலுக்குப் போனோம். நாத்தனாரைக் கண்டதும் குருக்கள் இரண்டு கையையும் விரித்து, "அம்மா, இன்னிக்கும் விதை இல்லைங்க!" என்றார். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் அவரிடம் நடந்ததை முதலிலிருந்து சொல்லி, "தப்பு எங்களோடது சாமி, மன்னிச்சுக்குங்க. இப்போ இந்த மாலை என் வேண்டுதலுக்குச் செல்லுமா, செல்லாதா? நீங்கதான் சொல்லணும்" என்றேன்.

அவர் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல்ல அவர் படி தாண்டட்டும். அதானே வேண்டுதல்?" என்றார்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். பூ, பூ என்று இரண்டு மாசமாக அலைந்ததில், எதற்காக வேண்டினேன் என்பதே பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் அம்பாள் சன்னதி வாசலில் நின்றிருந்தார். கிண்டல் எல்லாம் எங்கோ போய், முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி இருந்தது. தாங்கிப் பிடிக்க நாத்தனார் கையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார். கம்பி வைத்த காலைத்தான் முதலில் தூக்கினார். மெதுவாக, படியைத் தாண்டி உள்ளே வைத்தார். அடுத்த காலும் வந்தது. யார் தோளையும் பிடிக்கவில்லை.

குருக்கள் என் கையிலிருந்து மாலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். யார் கையால் வளர்ந்தது என்று அம்பாளிடம் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாலை அவள் கழுத்தில் விழுந்துவிட்டது. பக்கத்தில் நாத்தனாருக்கு மறுபடியும் விக்கல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மணி அடிக்க, தீபம் சுற்ற, மூன்று பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டே கும்பிட்டோம்.