புகுமுகப் பரீட்சைக்குக் காவல் நின்றவன்

பரீட்சை மேற்பார்வை என்பது ஒன்றுமே செய்யாமல் களைத்துப்போகிற தொழில். பேசக்கூடாது, வாசிக்கக்கூடாது, உட்காரக்கூடாது, கொட்டாவி வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் விடவேண்டும். மூன்று மணித்தியாலம் இப்படி நின்று கால் வீங்கிய ஆசிரியர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் ஒரு வருடம், திருகோணமலைப் பட்டினத்தில் நான் படிப்பித்த பாடசாலையிலேயே பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குத் தலைமை மேற்பார்வையாளனாக நின்றேன். அந்த ஒரு வருடத்துக் கதைதான் இது.

சப்பாத்து

முதல் நாளுக்கென்று புதுச் சப்பாத்து வாங்கியிருந்தேன். தலைமை மேற்பார்வையாளர் செருப்போடு நின்றால் மரியாதை இல்லை என்பது என் எண்ணம். மண்டபம் அமைதியான பிறகுதான் தெரிந்தது, ஒவ்வோர் அடிக்கும் அது கீச்சிட்டது. மெதுவாக நடந்து பார்த்தேன், நீளமாகக் கீச்சிட்டது.

மூன்றாம் வரிசையில், குடாவுக்கு அக்கரைக் கிண்ணியாவிலிருந்து வருகிற நசீர் கையை உயர்த்தினான். அவனுக்கு இது மூன்றாம் முறை. இம்முறையும் பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு வயலுக்கு வா என்று தகப்பன் சொல்லியிருந்தது எங்கள் பாடசாலைக்கே தெரியும். மேலதிகத் தாள் கேட்கிறானாக்கும் என்று ஒரு தாளோடு கீச்சிட்டுக்கொண்டு போனேன். அவன் தாளை வாங்கவில்லை.

"சேர், கோவிக்காதீங்க. ஒண்டில் ஒரு இடத்தில நில்லுங்க, இல்லாட்டி சப்பாத்தைக் கழட்டுங்க."

அரக்கு முத்திரை

வினாத்தாள் கட்டை உடைக்குமுன் இரண்டு பரீட்சார்த்திகளை முன்னால் கூப்பிட்டு, முத்திரை உடையாமல் இருக்கிறது என்று கையெழுத்து வாங்கவேண்டும். அரை நிமிட வேலை. வருகிறவர்கள் கட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு கீறல் கீறிவிட்டு ஓடிவிடுவார்கள்.

இரண்டாம் நாள் லிங்கநகர்ப் பிள்ளையொன்றைக் கூப்பிட்டது என் பிழை. அவள் கட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அரக்கை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தை முன்பக்கமும் பின்பக்கமும் வாசிக்கத் தொடங்கினாள். மண்டபமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பிள்ளை, கெதியாய்ப் போடுங்கோ, நேரம் போகுது" என்றேன்.

"வாசிக்காமல் ஒண்டிலையும் கையெழுத்துப் போடப்படாதெண்டு நீங்கள்தானே சேர் ஒன்பதாம் வகுப்பிலை படிப்பிச்சனீங்கள்."

வேலிக்கு வெளியே

நசீரின் தகப்பன் ஒவ்வொரு நாளும் மகனோடு வந்து, பாடசாலை வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணித்தியாலமும் நிற்பார். நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தால் வேலியோரம் வந்துவிடுவார். பரீட்சார்த்தியைப் பற்றி வெளியாருக்கு ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்பது விதி. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. "எழுதுகிறான்" என்றேன்.

"எழுதுறானா, யோசிக்கிறானா மாஸ்டர்?" என்று கேட்டார். இடைக்கிடை யோசிக்கவும் செய்கிறான் என்று உள்ளதைச் சொன்னேன். அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"யோசிக்கிறத வீட்டிலேயே யோசிச்சி முடிச்சிட்டு வந்திருக்கலாமே."

அரை மணித்தியாலம்

பரீட்சை தொடங்கி அரை மணித்தியாலத்தில் பியோன் ஒரு தண்டவாளத் துண்டில் சுத்தியலால் ஓர் அடி அடிப்பார். அந்த மணிக்குப் பிறகு பிந்தி வந்தவர் உள்ளே வர ஏலாது. உள்ளே இருப்பவர் விரும்பினால் எழுந்து போகலாம். பட்டினத்துக் கடைக்காரரின் மகன் சிவராசா அந்த மணிக்காகவே பரீட்சைக்கு வந்தவன். ஒருநாள் துறைமுகத்துக்குள் பெரிய கப்பலொன்று ஊதிக்கொண்டு வர, எல்லோரும் யன்னலைப் பார்த்தார்கள். சிவராசா மட்டும் பியோனைப் பார்த்தான். மணி அடித்ததும் தாளை நீட்டினான். இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கிறதே தம்பி என்றேன்.

"இருந்தால் தெரியாதது தெரிஞ்சிடுமோ சேர்? கதிரைதான் சூடாகும்."

கடைசித் தாள்

கடைசித் தாள் இரசாயனம். ஒன்பது மணிக்குத் தாளைக் கொடுத்தபோது நசீரின் இடம் வெறுமையாகக் கிடந்தது. கிண்ணியாத் துறையில் ஆட்களை இக்கரை சேர்க்கிற மிதவை, எங்கள் ஊர் வழக்கில் 'பாதை', விடியவே பழுதாகிவிட்டது என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். முந்தின வருடம் உதவி மேற்பார்வையாளனாக வாசலில் நின்று, மணிக்கு ஒரு நிமிடம் பிந்தி வந்த ஒரு பிள்ளையை நான் விதியைச் சொல்லித் திருப்பி அனுப்பியவன். அவள் கெஞ்சவில்லை; தலையை ஆட்டிவிட்டுப் போனாள். நான் செய்தது சரிதான் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சரியென்று உள்ளூர நம்பியிருந்தால் ஏன் அப்படிச் சொல்லித் திரிகிறேன்?

ஒன்பதரை ஆனது. பியோன் சுத்தியலை எடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று. சிவராசா தாளோடு எழும்பினான். "சேர், அரை மணித்தியாலம் முடிஞ்சுது. மணி அடிக்கேல்லையோ?" மண்டபம் முழுக்க நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

அப்போதுதான் யன்னலால் தெரிந்தது. கடற்கரைப் பக்கத்திலிருந்து, முழங்கால்வரை நனைந்தபடி நசீர் ஓடிவந்துகொண்டிருந்தான். பின்னால் அவன் தகப்பன், துடுப்பைக் கீழே போடவும் மறந்து, கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். மகனைத் தோணியில் ஏற்றிக் குடாவைத் தாண்டி வலித்திருக்கிறார். சிவராசாவும் பார்த்தான். மணிக்கூடே இல்லாத கையை முகத்துக்கு நேரே தூக்கி உற்றுப் பார்த்தான். பிறகு திரும்பவும் கதிரையில் இருந்தான்.

"இல்லை சேர், என்ர மணிக்கூடு கொஞ்சம் கூட ஓடுது. நீங்கள் ஆறுதலாய் அடியுங்கோ."

அந்த வருடம் நசீருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகமும், சிவராசாவுக்குத் தகப்பனின் கடையும், நசீர் வந்து இருந்த பிறகு மணி அடித்த நேரத்தை அறிக்கையில் உள்ளபடியே எழுதி அனுப்பிய எனக்கு அந்த நான்கு நிமிடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் கிடைத்தன.